பிறப்பால் வந்த நாற்காலி, தயவால் வரும் நாற்காலி

2016 ஏப்ரலில் பிரிட்டனின் பிரபுக்கள் சபைக்கு ஓர் இடைத்தேர்தல் நடந்தது. வேட்பாளர்கள் 7 பேர், வாக்காளர்கள் மூன்றே பேர். வாக்களித்தவர்களும் பரம்பரைப் பிரபுக்கள், போட்டியிட்டவர்களும் பரம்பரைப் பிரபுக்கள். மூன்று வாக்குகளையும் வாங்கி வைகவுண்ட் தர்சோ உறுப்பினரானார். நாட்டின் சட்டங்களைத் திருத்தவும் தாமதப்படுத்தவும் வல்ல ஓர் இடம் நிரம்ப அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த நாற்காலிகள் தொடக்கத்தில் யாருடைய பிறப்புரிமையும் அல்ல. மன்னருக்குப் போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும். வரிக்குச் சம்மதம் வேண்டும். ஆகவே நிலமும் ஆள்பலமும் உள்ளவர்களுக்குப் பெயர் குறித்து அழைப்பாணை போயிற்று. 1295-இல் முதலாம் எட்வர்ட் கூட்டிய நாடாளுமன்றத்துக்கும் பிரபுக்கள் அப்படித்தான் வந்தார்கள். இந்த முறை அழைக்கப்பட்டவருக்கு அடுத்த முறை அழைப்பு வரும் என்ற உறுதி இல்லை. தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று அழைப்பு தொடர்ந்தபோது வழக்கமே உரிமையாக இறுகியது. 1387-இல் இரண்டாம் ரிச்சர்ட் இன்னொரு வழியைத் திறந்தார். ஜான் பியூசாம்ப் என்பவரை அரச சாசனம் மூலம் கிட்டர்மின்ஸ்டரின் பிரபுவாக்கினார். மறு ஆண்டே பியூசாம்பின் தலை வெட்டப்பட்டது. ஆனால் சாசன முறை நிலைத்துவிட்டது.

அதன்பின் ஆட்சியாளர்களின் தேவைக்கேற்ப பிரபுக்கள் உருவானார்கள். பிரான்சுடனான சமாதானத்துக்குப் பெரும்பான்மை போதவில்லை என்பதால் 1712 தொடக்கத்தில் ஆன் அரசியின் அரசு ஒரே வீச்சில் 12 பேரைப் பிரபுக்களாக்கியது. பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்தில் பட்டங்கள் காசுக்கு விலைபோயின. அதைக் குற்றமாக்க 1925-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

பெண்களுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. தந்தையின் பட்டத்தைப் பெற்ற ரோண்டா சீமாட்டி தனக்குரிய இடத்தைக் கேட்டு மனுச் செய்தார். 1922-இல் பிரபுக்கள் அதை மறுத்தார்கள். வாழ்நாள் உறுப்பினர் சட்டத்தின் வழியே பெண்களும் உள்ளே வர வழி பிறந்தது 1958-இல். அதே ஆண்டு அவர் இறந்துபோனார். பரம்பரைப் பட்டம் கொண்ட பெண்களுக்கோ 1963 வரை காத்திருப்புதான்.

பிறப்பால் இடம் தரும் இந்த வழக்கத்தை பிரிட்டன் இந்தியாவின் தலையிலும் கட்டப் பார்த்தது. 1935 இந்திய அரசுச் சட்டத்தின்படி கூட்டாட்சி மேலவையின் 260 இடங்களில் 104, கீழவையின் 375 இடங்களில் 125 சமஸ்தானங்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கு ஆள் அனுப்புவது மன்னர்களின் விருப்பம்; அங்கே வாழ்ந்த குடிமக்களுக்கு அதில் குரலே இல்லை. சமஸ்தானங்கள் போதிய அளவில் சேராததால் அந்தக் கூட்டாட்சி உருவாகவில்லை. உருவாகாதது நம் நல்லூழ்.

பிரிட்டனிலோ 1911-இல் பிரபுக்களின் தடையதிகாரம் தாமதப்படுத்தும் அதிகாரமாகச் சுருங்கியது. 1999-இல் 600-க்கும் மேற்பட்ட பரம்பரைப் பிரபுக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சமரசமாக 92 பேருக்கு இடம் விடப்பட்டது. அந்த 92 இடங்களையும் நீக்க 2024-இல் தொழிற்கட்சி அரசு மசோதா கொண்டுவந்தது. அது சரியான முடிவு. தாமதமாக வந்த முடிவும்கூட.

ஆனால் அதோடு வேலை முடிந்ததாக எண்ணுவது தவறு. மன்னர் அனுப்பிய அழைப்பாணையை இன்று பிரதமர் அனுப்புகிறார். எத்தனை பேரை வாழ்நாள் உறுப்பினர்களாக நியமிக்கலாம் என்ற உச்சவரம்பு அவருக்கு இல்லை. பெயர்களைப் பரிசீலிக்கும் நியமன ஆணையம் சொல்வது வெறும் ஆலோசனைதான். 2020 டிசம்பரில் அந்த ஆணையத்தின் ஆட்சேபத்தை மீறி, தன் கட்சியின் முன்னாள் பொருளாளர் பீட்டர் க்ரடாஸை அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் பிரபுவாக்கினார். அனுபவமும் நிபுணத்துவமும் சபைக்கு வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். மருத்துவரையும் நீதிபதியையும் குழுவில் அமர்த்தியே யோசனை கேட்கலாம்; அதற்காக அவர்களுக்கு ஆயுள் முழுவதும் சட்டமியற்றும் வாக்கு தர வேண்டியதில்லை.

பிரதமரின் நியமனங்களுக்கு உடனடியாக எண்ணிக்கை வரம்பு வேண்டும். ஆணையத்தின் மறுப்பு பிரதமரையும் கட்டுப்படுத்த வேண்டும். மேலவை இருக்க வேண்டும் என்று பிரிட்டன் கருதினால், அதன் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கட்டும்.