பிட்ஸ்ராயைக் கொன்றது நஷ்டமா?

“நஷ்டத்தில் ஓடுகிறது, இனி நடத்த முடியாது.” ஆலைக் கதவில் இந்த நோட்டீசைப் பார்த்த தொழிலாளிக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1996-ம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில், தொழிலாளர் பேட்டை ஒன்றின் 113 வயதுப் பந்தாட்டக் கிளப்பின் கழுத்தில் இதே நோட்டீசைத்தான் கட்டினார்கள். கிளப்பின் பெயர் பிட்ஸ்ராய். கட்டியவர்கள் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் கமிஷன் கனவான்கள்.

தொழிலாளர் பத்திரிகையில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

இது நாம் ஆடும் கால்பந்து அல்ல. மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். பந்தை உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. 1859-ல் இதற்கு விதி எழுதியவர்கள் மெல்போர்ன் கனவான்கள்தான். ஆனால் வளர்த்தவர்கள் யார்? 1856 ஏப்ரல் 21-ந் தேதி மெல்போர்ன் கல் தச்சர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலம் போனார்கள்; எட்டு மணி நேர வேலையை வென்றார்கள். சிகாகோத் தியாகிகளுக்கு முப்பது ஆண்டுகள் முந்திய சங்கதி இது! பின்னர் சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வையும் தொழில் தொழிலாகப் பெற்றார்கள். அப்படிப் பெற்ற பிற்பகலில்தான் இந்த ஆட்டம் பேட்டை பேட்டையாக வேர்விட்டது. எந்த முதலாளியும் போட்ட பிச்சையல்ல.

பிட்ஸ்ராய் கிளப் 1883-ல் பிறந்தது. பூட்ஸ் பட்டறைகளும், சாக்லெட் தொழிற்சாலையும், நெருக்கி அடித்த வாடகை வீடுகளும் நிறைந்த பேட்டை அது. 1897-ல் எட்டு கிளப்புகள் கூடி லீக் அமைத்தபோது அதில் பிட்ஸ்ராயும் ஒன்று. எட்டு முறை சாம்பியன் பட்டம் வென்றது. 1916-ம் ஆண்டுப் பட்டம் வேடிக்கையானது. உலக யுத்தத்தின் காரணமாக அந்த ஆண்டு நான்கே கிளப்புகள் ஆடின. நான்கில் கடைசியாக வந்த பிட்ஸ்ராய், இறுதிச் சுற்றில் எதிர்வந்தோரை வீழ்த்திப் பட்டத்தையும் தூக்கிக்கொண்டு போயிற்று! (அதே ஆண்டு அக்டோபரில்தான், கட்டாய ராணுவ சேவை வேண்டுமா என்று சர்க்கார் கேட்டதற்கு ஆஸ்திரேலிய மக்கள் வாக்களித்து ‘வேண்டாம்’ என்றார்கள்.) 1932-ல் இந்தக் கிளப்பில் சேர்ந்து ஆடியவர் டக் நிக்கல்ஸ், அந்நாட்டின் ஆதிகுடி மகன். முன்னர் வேறொரு பெரிய கிளப்பில் நிறத்தைக் காட்டி அவமதிக்கப்பட்டவர். பிட்ஸ்ராயில் அன்றைய பெரிய ஆட்டக்காரரான ஹேடன் பண்டன் அவருக்குத் துணை நின்றார். தம் மக்களின் உரிமைக்காக ஆயுள் முழுவதும் உழைத்த நிக்கல்ஸ் 1976-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னரும் ஆனார்.

இந்தக் கிளப்புக்கு நஷ்டம் எங்கிருந்து வந்தது?

1966-க்குப் பிறகு பிரன்ஸ்விக் தெரு மைதானம் அதன் கையை விட்டுப் போயிற்று. அன்று முதல் முப்பது ஆண்டுகள் ஊரான் வீட்டுத் திண்ணையில் குடித்தனம். இந்த மைதானத்தில் சில வருஷம், அந்த மைதானத்தில் சில வருஷம். அப்படியும் 1986-ல் இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே வரை வந்தார்கள். ஆட்டத்தில் பஞ்சம் இல்லை; பணத்தில்தான் பஞ்சம்.

இதற்கிடையே லீக்கே உருமாறிவிட்டது. முன்பு கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி நிர்வாகம் செய்தார்கள். 1980-களின் நடுவில் கமிஷன் என்று ஒன்றை ஏற்படுத்தி, அதிகாரத்தைப் படிப்படியாக அதன் கையில் ஒப்படைத்தார்கள். ஆட்டம் ‘சரக்கு’ ஆயிற்று. டெலிவிஷன் ‘சந்தை’ ஆயிற்று. சவுத் மெல்போர்ன் கிளப்பை 1982-ல் பெயர்த்து சிட்னி நகருக்குக் கொண்டுபோனார்கள். 1985-ல் அதை ஒரு டாக்டருக்கு விற்றார்கள். 1987-ல் லைசென்ஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு புதிய கிளப்புகளைச் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று பிரிஸ்பேன். அதற்குப் பின்னே நின்ற பணமுதலை கிறிஸ்டோபர் ஸ்கேஸ். 1989-ல் அவன் கம்பெனி கவிழ்ந்தது. கடன்காரர்களை நடுத்தெருவில் விட்டு ஸ்பெயின் நாட்டுத் தீவுக்கு ஓடிப்போனான். ஸ்கேஸ் போட்ட விதைக்கு லீக்கில் இடம் உண்டு. பூட்ஸ் தொழிலாளி நட்டு வளர்த்த மரத்துக்கு இடம் இல்லை!

நவ்ருத் தீவின் கடன்

“லீக் என்ன செய்யும்? கடன் கொடுத்த நவ்ருதானே கழுத்தை நெரித்தது” என்று வாதாடுவோர் உண்டு. உண்மைதான், பிட்ஸ்ராய்க்குச் சுமார் 12½ லட்சம் டாலர் கடன் கொடுத்தது நவ்ருத் தீவு சர்க்காரின் இன்ஷூரன்ஸ் நிறுவனம். 1996 ஜூன் 28-ந் தேதி அது கேட்டுக்கொண்டபடி நிர்வாக அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

ஆனால் இந்த நவ்ரு யார்? பசிபிக் கடலில் ஒரு துளி. அதன் மண் பூராவும் பாஸ்பேட். வயலில் சூப்பர் பாஸ்பேட் தூவிய விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு அதன் அருமை தெரியும். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கூட்டுக் கமிஷன் வைத்து, சீனக் கூலிகளையும் தீவுக் கூலிகளையும் கொண்டு அந்த மண்ணைத் தோண்டி, அடிமாட்டு விலைக்குத் தங்கள் பண்ணைகளுக்கு ஏற்றிக்கொண்டு போயின. 1968-ல் தீவு விடுதலை பெற்றபோது அதன் நிலத்தில் ஒரு பகுதி தோண்டப்பட்டு வெறும் பாறைப் பற்களாய்க் கிடந்தது. சர்வதேசக் கோர்ட்டில் வழக்கு நடந்து, 1993-ல்தான் ஆஸ்திரேலியா 10 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டது. கிடைத்த காசை மெல்போர்னில் முதலீடு செய்து இழந்துகொண்டிருந்த தீவு அது. தன் கடனைத் திருப்பிக் கேட்டது. அதைக் கொலைகாரன் என்பதா? கொள்ளை கொடுத்தவனையும் கொள்ளை கொடுத்தவனையும் மோத விட்டு, கொள்ளையடித்தவன் மத்தியஸ்தம் பேசுகிற பழைய சூழ்ச்சி அல்லவா இது!

கேள்வி வேறு. இரண்டு கிளப்புகள் இணைந்து ஒன்றானால் பல மில்லியன் டாலர் தருகிறேன் என்று லீக் ஆசை காட்டிக்கொண்டிருந்தது. சாவுக்குத் தரப் பணம் இருக்கிறது. வாழ்வுக்குத் தர மட்டும் இல்லையா?

பிட்ஸ்ராய் தலைவர்கள் அதே நகரத்து நார்த் மெல்போர்ன் கிளப்போடு இணையவே பேசி வந்தார்கள். இணைந்தால் பலம் கூடிவிடும் என்று மற்றக் கிளப்புகள் அஞ்சின. ஜூலை 4-ந் தேதி பிரிஸ்பேனுக்கே கொடுப்பதென்று முடிந்தது. எட்டு ஆட்டக்காரர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பிட்ஸ்ராய் உறுப்பினர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஹாதார்ன் கிளப்பை மெல்போர்ன் கிளப்போடு இணைக்க நினைத்தபோது, ஹாதார்ன் உறுப்பினர்கள் கூடி வாக்களித்து முறியடித்தார்கள். வாக்கு இருந்த இடத்தில் கிளப் பிழைத்தது.

அதற்கும் முந்திய உதாரணம் புட்ஸ்கிரே. மெல்போர்னின் மேற்கே தொழிற்சாலைப் பேட்டை. 1989 அக்டோபரில் அதை பிட்ஸ்ராயோடு இணைத்துப் பெயரையும் மாற்றுவதாகத் திடீரென்று அறிவித்தார்கள். பேட்டை ஜனங்கள் திரண்டார்கள். ஒரு பெண் ஆதரவாளர் கோர்ட்டில் தடை வாங்கினார். மற்றவர்கள் உண்டியல் தூக்கி வீடு வீடாகப் போனார்கள். சில வாரங்களில் பணம் சேர்ந்தது, இணைப்பு செத்தது. அந்தக் கிளப் 2016-ல் 62 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் வென்றது. பிட்ஸ்ராய் ஜனங்களுக்கு அந்தச் சில வாரங்கள்கூடக் கிடைக்கவில்லை. நிர்வாக அதிகாரி வந்தார், ஆறு நாளில் தீர்ப்பு!

தூக்குக்கு நாள் குறித்த பிறகும் பையன்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வாரா வாரம் ஆடினார்கள். அந்த சீசனில் 22 ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. ஆகஸ்டு 25-ந் தேதி மெல்போர்னில் கடைசி ஆட்டம். ரிச்மண்ட் கிளப்பிடம் 151 பாயிண்டில் தோல்வி. செப்டம்பர் 1-ந் தேதி கண்டத்தின் மறு கோடியில், பெர்த் நகரத்தில், பிரிமாண்டில் கிளப்பிடம் 86 பாயிண்டில் தோற்றுத் திரும்பினார்கள். அன்றோடு சரி.

“பிரிஸ்பேன் கிளப் இன்றும் பிட்ஸ்ராயின் சிங்கத்தைத்தானே அணிகிறது, அதன் பாட்டைத்தானே பாடுகிறது” என்கிறார்கள். அந்தப் பாட்டின் மெட்டு எது தெரியுமா? பிரெஞ்சுப் புரட்சியின் மார்செயேஸ்! பாஸ்டில் சிறையை உடைத்த ஜனங்களின் மெட்டை, ஏழு ஆண்டு டெலிவிஷன் உரிமையை 450 கோடி டாலருக்கு விற்கும் வியாபாரிகள் வாரா வாரம் ஒலிபரப்புகிறார்கள். 2001 முதல் 2003 வரை மூன்று பட்டம் வென்றதும் அந்த மெட்டோடுதான்.

பிட்ஸ்ராய் கிளப்போ பெயரளவில் சாகவில்லை. நிர்வாக அதிகாரி போன பிறகு, உறுப்பினர்கள் விடாமல் கட்டிக் காத்தார்கள். 2009 முதல் அமெச்சூர் சங்கத்தில், சம்பளம் இல்லாத ஆட்டக்காரர்களோடு, பழைய பிரன்ஸ்விக் தெரு மைதானத்தில் ஆடுகிறார்கள்.