பள்ளிக்கூடமா, வீடா?

குழந்தை நோயாய்ப் படுத்துவிட்டால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவது நம்மவர்களின் வழக்கம். அந்த நோய் ஆயுள் முழுவதும் கூடவே இருக்கப் போவது என்று தெரிந்துவிட்டாலோ, ஆளுக்கு ஒரு தீர்ப்பும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அவற்றுள் முதல் தீர்ப்பு பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. "படிப்பு எங்கே ஓடிப் போய்விடும்? குழந்தை பிழைத்துக் கிடந்தால் போதாதா? வீட்டிலேயே நாலு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் ஆயிற்று" என்கிறாள் பாட்டி. தகப்பனார் வாய் திறப்பதில்லை. தாயாருக்கோ, பாட்டி சொல்வது சரியென்றும் தோன்றுகிறது, தவறென்றும் தோன்றுகிறது.

இந்தக் குழப்பத்துடன் என்னைப் போன்ற உபாத்தியாயர்களிடம் யோசனை கேட்க வருகிற பெற்றோர்கள் உண்டு. நோய்கள் பலவாதலால் எல்லாவற்றுக்கும் ஒரே விடை கிடையாது. ஆகையால் இவ்வாரம் ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு. வைத்தியர்கள் 'டைப் 1' என்று குறிப்பிடுவது இதைத்தான்.

இந்த நோய் மிட்டாய் தின்பதால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் அன்று. கணையத்தில் இன்ஸுலினைச் சுரக்கும் அணுக்களை உடம்பின் காவல் சக்தியே பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. அதன் பிறகு இன்ஸுலினை வெளியிலிருந்து செலுத்தினாலொழிய உயிர் தரிக்க வழியில்லை. 1921-ம் வருஷம் டொராண்டோ நகரில் இன்ஸுலின் கண்டுபிடிக்கப்படும் வரையில், இந்த நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக அந்த மருந்து செலுத்தப்பட்டது. அன்று முதல் நிலைமை மாறிவிட்டது. தினம் பல தடவை ஊசியும், அடிக்கடி இரத்தச் சோதனையும் வேண்டியிருந்தாலும், இன்று இந்தக் குழந்தைகள் படிக்கலாம், ஓடியாடலாம், உத்தியோகம் பார்க்கலாம், பேரன் பேத்தி எடுக்கலாம். ஆகவே, பிழைத்துக் கிடந்தால் போதும் என்ற பேச்சு நூறு வருஷத்துக்கு முந்திய பேச்சு. வளர்ந்து பெரியவனாகப் போகிற ஒரு மனிதனைப் பற்றித்தான் நாம் இப்போது முடிவு செய்கிறோம்.

அப்படியானால் தாயாரின் பயம் வீண் பயமா? இல்லவே இல்லை. இன்ஸுலின் போட்டுக்கொண்ட குழந்தை வேளைக்குச் சாப்பிடாவிட்டாலும், வழக்கத்துக்கு மிஞ்சி ஓடி விளையாடினாலும் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடும். அது 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே கவனிக்க வேண்டும். வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், காரணமில்லாமல் கோபம் வரும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். கவனியாமல் விட்டால் நினைவு தப்பும். ஆனால் இதற்குப் பரிகாரம் வெகு சுலபமானது. வைத்தியர் சொன்ன அளவில், சாதாரணமாகப் பத்து முதல் பதினைந்து கிராம் வரை, குளுக்கோஸ் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பிய குழந்தைக்கு மட்டும் வாயில் ஒன்றும் புகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பரிகாரம் சுலபம், அதை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் அருமையாக இருக்கிறது. மேஜைமேல் தலை சாய்த்திருக்கும் பையனைப் பார்த்து, "ராத்திரியெல்லாம் தூங்கவில்லையா?" என்று அதட்டுவது உபாத்தியாயருக்கு இயற்கை. சர்க்கரை ஏறியதால் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கும் சிறுமி, பாடத்துக்குப் பயந்து நழுவுகிறாள் என்று பெயர் வாங்குகிறாள். வகுப்பில் தின்பண்டம் கூடாது என்ற விதி எல்லோருக்கும் பொது. கேலிக்கு அஞ்சிக் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையின் துன்பமோ எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, வீடே மேல் என்று தோன்றுவது சகஜம். வீட்டுப் படிப்பைக் குறைவாகச் சொல்லவும் நான் வரவில்லை. ரவீந்திரநாத் தாகூர் பள்ளிக்கூடத்தை வெறுத்து வீட்டில் படித்தவர்தாம். ஆனால் அந்த வீட்டில் ஆசிரியர்கள் வந்து போனார்கள், அண்ணன்மார் இருந்தார்கள், சங்கீதமும் நாடகமும் நாளும் நடந்தன. அன்றியும், பள்ளிக்கூடம் பிடிக்காத அவரே 1901-ல் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். குழந்தைக்குக் குழந்தைகள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் இரண்டறை வீட்டில், தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்? 2020-ல் கொள்ளைநோய்க்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைபேசியின் முன் அமர்ந்திருந்த நம் பிள்ளைகள் பாடத்தை மட்டுமா இழந்தார்கள்? மேலும், சர்க்கரை குறைவது வீட்டிலும் நேரக்கூடியதே. நடுப்பகலில் பாட்டி ஒருத்தியே துணை என்றால், அங்கேயும் கவலை இருக்கத்தான் செய்யும்.

ஆகையால் பெற்றோர் முதலில் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: நாம் பயப்படுவது நோய்க்கா, பள்ளிக்கூடத்துக்கா? நோய்க்கு என்றால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் வைத்தியர். பள்ளிக்கூடத்துக்கு என்றால், தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசாமல் பிள்ளையை நிறுத்துவது நியாயமன்று. பெரியவர்களின் அலட்சியத்துக்குக் குழந்தையைத் தண்டித்ததாக அது முடியும்.

தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை நான்கே. நோயின் அடையாளங்களையும் பரிகாரத்தையும் குறைந்தது இரண்டு ஆசிரியர்களாவது தெரிந்துகொள்ள வேண்டும். குளுக்கோஸும் சோதனைக் கருவியும் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளச் சுத்தமான, மறைவான இடம் வேண்டும். வேளைக்குச் சிற்றுண்டி தின்னவும், வெளியே போகவும் தடை கூடாது. இவை சலுகைகள் என்று யாரும் தயங்க வேண்டாம். 2017-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், இந்த நோயுள்ள மாணவர்கள் பொதுப் பரீட்சை மண்டபத்துக்குள் தின்பண்டம் எடுத்துச் செல்ல அனுமதித்தது. 2023-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், வைத்தியர் யோசனைப்படி பள்ளியிலேயே சோதித்துக்கொள்ளவும் ஊசி போட்டுக்கொள்ளவும் இடம் கொடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி என்பது 2009-ம் வருஷத்துச் சட்டம் தந்த உரிமை. நோயுள்ள குழந்தைக்கு இல்லை என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை.

வீடே சரியான இடமாகும் சமயங்களும் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தையைத் தொற்றுக்குப் பயந்து மாதக்கணக்கில் கூட்டத்திலிருந்து விலக்கி வைக்கச் சொல்லுவார்கள். அதற்குக் கீழ்ப்படிய வேண்டியதுதான். நீரிழிவுக் குழந்தைக்கும், மருந்தின் அளவு நிலைப்படும் வரை சில வாரம் ஓய்வு தேவைப்படலாம். அப்போது பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடாமல், திரும்பும் மாதத்தையும் குறித்துக்கொண்டு, பாடங்களை வாங்கி வந்து கற்பியுங்கள். வாரம் ஒருமுறையாவது தோழர்கள் வீட்டுக்கு வரட்டும். நெடுங்காலம் வீட்டில்தான் படிப்பு என்று ஆகிவிட்டால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பதினான்கு வயதுக்குப் பின் பத்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சை எழுத வழியிருக்கிறது. அந்தக் கதவு திறந்திருப்பது நல்லதே. ஆனால் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுவன்று.

இன்னொருவரையும் கேட்க வேண்டும். பாட்டியும் தகப்பனாரும் தாயாரும் உபாத்தியாயரும் பேசி முடித்த பிறகும், பேசாமல் இருப்பது அந்தக் குழந்தைதான். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பு தெரியும். எந்த ஆசிரியர் சிடுசிடுப்பார், எந்தத் தோழன் ஓடிவந்து உதவுவான் என்பதும் தெரியும். அதன் வாயைத் திறக்கச் செய்து கேளுங்கள். பிறகு, வைத்தியரின் கடிதத்தையும் ஒரு சிறு குளுக்கோஸ் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போங்கள். மாற்றுச் சான்றிதழுக்கு மனு எழுதுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.