அரங்கிட்டு ஆடுதல்

திருக்குறளின் ‘கல்லாமை’ அதிகாரத்து முதற் குறளிலே வள்ளுவர் ஓர் ஆட்டத்தை உவமையாக எடுத்துக்கொண்டுள்ளார். நூலறிவு நிரம்பாத ஒருவன் அவையிலே பேச முற்படுவது, கட்டம் வகுக்காத வெறுந்தரையிற் காயுருட்டி ஆடுவதை ஒக்கும் என்பது அவர் கருத்து. சூதினைத் தனியோர் அதிகாரத்திற் கடிந்தவரும் அவரே. அங்ஙனமிருந்தும் கற்றோர் அவைக்கு ஒப்பாக ஆட்டத்தின் அரங்கையே தேர்ந்தார். பந்தயம் வேறு, ஆட்டம் வேறு என்பதை மனங்கொண்டால் இதில் முரண்பாடு இல்லை.

நண்பர் சிலர் குறித்த ஒரு மாலையில், வாரந்தவறாது, ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து மதிநுட்பம் வேண்டும் பலகை ஆட்டங்களை ஆடும் வழக்கம் மேனாடுகள் பலவற்றில் உண்டு. ஜேர்மனியில் அது வேரூன்றிய பண்பாடாகவே விளங்குகின்றது. ஆண்டின் சிறந்த ஆட்டத்தைத் திறனாய்வாளர் குழுவொன்று தெரிந்து விருதளிக்கும் மரபு அங்கே 1979ஆம் ஆண்டில் தொடங்கியது. நூலின் அட்டையில் நூலாசிரியர் பெயர் இருப்பதுபோல, ஆட்டப் பெட்டியின்மீது அதனை ஆக்கியவர் பெயர் பொறிக்கப்படுகின்றது.

1995இல் அவ்விருதைப் பெற்றது ‘கட்டான்’ என்னும் ஆட்டம். அதனை ஆக்கிய கிளவுஸ் ரொய்பர், செயற்கைப் பல் செய்யும் தொழிலைப் பார்த்துவந்தவர். மூவரோ நால்வரோ ஒரு தீவிற் குடியேறுகின்றனர். மரம், களிமண், கம்பளி, தானியம், தாது என ஐவகைப் பொருள்களைக் கொண்டு பாதையும் மனையும் அமைக்கின்றனர். முதலிற் பத்துப் புள்ளிகளை எட்டுபவர் வென்றவராவர். ஆனால், ஐந்து பொருள்களும் வேண்டிய அளவில் ஒருவர் கைக்கே வந்து சேர்வது அரிது. ஆகவே, எவரை வெல்ல விரும்புகின்றோமோ அவரிடமே பண்டமாற்றுக்குச் செல்லவேண்டியிருக்கின்றது. மேலும், ஆட்டம் முடியும்வரை எவரும் வெளியேற்றப்படுவதில்லை. பின்தங்கியவரும் கடைசி வரை மேசையிலேயே இருக்கின்றார்; அவருடைய சொல்லுக்கும் அங்கே விலை உண்டு.

இதற்கு மாறானது நம்மிற் பலர் இளமையில் ஆடிய ‘மொனோப்பொலி’. அதிலே பொருளிழந்தவர் எழுந்து போகவேண்டியதுதான். இவ்வாட்டத்தின் மூலம் வேறு நோக்குடையது என்பதைப் பலர் அறியார். எலிசபெத் மகீ என்னும் அமெரிக்கப் பெண்மணி, நிலம் ஒரு சிலர் கையிற் குவிவதன் தீமையை உணர்த்தும் பொருட்டு ‘நிலக்கிழார் ஆட்டம்’ ஒன்றை ஆக்கி, 1904இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். விளையும் செல்வம் எல்லோருக்கும் பயன்படும் விதியொன்று, ஒருவரே யாவற்றையும் கைக்கொள்ளும் விதியொன்று என இருவகை விதிகளை அவர் வகுத்தார். 1935 முதல் விற்பனையாகி உலகெங்கும் பரவிய மொனோப்பொலியில் எஞ்சியது இரண்டாவதே. பலகை ஒன்றாயினும், விதி மாறும்போது மாந்தர் ஒருவரோடொருவர் பழகும் முறையும் மாறிவிடுகின்றது.

இங்கேதான் நம் இலக்கிய வட்டங்களைப் பற்றிய கவலை எழுகின்றது. நம் சங்கங்களில் கருத்து வேறுபாட்டுக்குக் குறைவில்லை, அது வேண்டியதும்கூட. ஆயின், ஒரு கூட்டத்தில் மாறுபட்டுப் பேசியவர் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. திறனாய்வு பகையாகின்றது, ஒரு சங்கம் இரண்டாகின்றது. ஆட்ட மேசையில் இருப்பவரோ எதிராளியின் திட்டத்தை முழுமூச்சுடன் தகர்க்கின்றார், ஆட்டம் முடிந்ததும், “எந்த நகர்வில் நான் தவறினேன்?” என்று அவரிடமே கேட்கின்றார். வென்றவரும் ஒளியாது சொல்கின்றார். அடுத்த வாரமும் அதே முகங்கள் கூடும் என்பதனாலேயே இது இயலுகின்றது. வாக்குத் தவறியவரை மேசை மறப்பதில்லை. எனினும், அவருக்குரிய இருக்கையை அகற்றிவிடுவதுமில்லை.

கைத்தொலைபேசியிலே இவ்வாட்டங்கள் அனைத்தும் கிடைக்கின்றனவே என்று மாணவர் கேட்கலாம். அங்கே விதியைக் காப்பது இயந்திரம். பிழையான நகர்வை அது ஏற்பதேயில்லை. ஆதலின் ஆடுபவர் நேர்மையாக இருக்கவேண்டிய தேவையும் எழுவதில்லை. மேசையிலோ விதியைக் காப்பவர் ஆடுவோரே. ஐயம் எழுந்தால் அவர்களே வாதிட்டு, முடிவுகண்டு, அம்முடிவுக்குத் தாமே கட்டுப்படவேண்டும். குடியாட்சிக்கு இதனினும் எளிய பயிற்சி வேறுளதோ?

பரீட்சைக்கும் தனியார் வகுப்புகளுக்கும் இடையில் இதற்கு நேரமேது என்பர் பெற்றோர். வாரத்தில் இரண்டு மணி நேரமே நாம் வேண்டுவது. இறக்குமதியாகும் பெட்டிகள் விலை மிக்கவை, அவை இன்றியமையாதனவுமல்ல. சதுரங்கப் பலகை போதும். பதினான்கு குழிகளிலும் உள்ள முத்துகளை இருவரும் கண்ணாரக் கண்டு, எண்ணிக் கணித்து ஆடும் பல்லாங்குழி போதும். கரம் பலகைக்கு இடமளித்த நம் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் இவற்றுக்கும் ஒரு மேசை தரலாம்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கின்றோம். அம்மாலையில் மேற்பார்வையாளராக நில்லாது, ஆடுவோருள் ஒருவராக அமருங்கள். மாணவன் ஒருவனிடம் தோற்க நேர்ந்தால் தோற்று, அவன் நகர்வைப் பாராட்டி, மறுவாரமும் வந்து அதே மேசையில் அமருங்கள். மாறுபட்டும் ஒன்றாயிருக்கலாம் என்பதை நம் பிள்ளைகள் சொற்பொழிவிலிருந்து அல்ல, அதனைக் கண்டே கற்றுக்கொள்வார்கள்.