சிறையா, காலமா?

எம். கே. தியாகராஜ பாகவதரின் புகழ் சரிந்தது எதனால்? "சிறையினால்" என்பதே பலர் கூறும் விடை. அது முழு உண்மையன்று.

1934 இல் 'பவளக்கொடி'யாற் திரைக்கு வந்த பாகவதரின் குரல், கடல் கடந்து யாழ்ப்பாணத்துக் கிராமபோன் பெட்டிகளிலும் ஒலித்தது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்ற அவர், 1947 இற் குற்றமற்றவரென விடுதலையானார்.

அவருடன் தண்டனை பெற்று, அவருடனேயே விடுதலையானவர் என். எஸ். கிருஷ்ணன். கலைவாணரோ 'நல்லதம்பி' (1949), 'மணமகள்' (1951) என மீண்டும் தலைநிமிர்ந்தார். பாகவதரின் 'ராஜமுக்தி' (1948), 'அமரகவி' (1952) ஆகியன தோற்றன.

ஒரே சிறை, இருவேறு முடிவுகள். காரணம் யாது? பின்னணிப் பாடல் பரவியதும், நடிகன் பாடகனாயிருக்க வேண்டுமென்ற தேவை ஒழிந்தது. பாட்டு வீற்றிருந்த இடத்தில் வசனம் அமர்ந்தது. கலைவாணரின் நகைச்சுவைக்கு அதுவே களமாயிற்று. பாகவதரின் இசைக்கோ களம் குறுகிற்று.

1959 நவம்பர் 1 இல், 49 வயதிற் பாகவதர் மறைந்தார். மாணவர்களே, ஒருவர் தோற்றவுடன் அவரது திறமை போயிற்றெனத் தீர்ப்புக் கூறாதீர்கள். திறமை நிலைத்திருக்க, அதனை வேண்டிநின்ற காலம் கடந்துபோவதும் உண்டு.