ராஜாவுக்கு ஒரு பாய்ச்சல்

தீபாவளிக்கு மறுநாள் ஜெலுத்தோங்கில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். நான் அடுப்படியில் முறுக்கை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், 79 வயது பெரியப்பா ஒரு பக்கம், என் அண்ணன் மகன், 19 வயதுப் பையன், மறுபக்கம். நடுவில் சதுரங்கப் பலகை.

"ராஜா அப்படிலாம் குதிக்க முடியாதுலா, தாத்தா!"

"ஏன்யா முடியாது? ஆட்டத்துக்கு ஒரு தடவ குதிரை மாதிரி பாயலாம். எங்கப்பா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு."

பையன் கைப்பேசியை எடுத்தான். செயலியில் அதே ஆட்டத்தை அடுக்கி, ராஜாவைக் குதிக்க வைத்துப் பார்த்தான். காய் பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

"பாருங்க, கம்ப்யூட்டரே ஒத்துக்கல."

பெரியப்பா கோபப்படவில்லை. "அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது.

தேடிப் பார்த்ததில், பெரியப்பா ஏமாற்றவில்லை என்பது முதலில் தெரிந்தது. சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும், கோட்டை கட்டுவது கிடையாது, ராஜாவுக்கு ஒரே ஒரு குதிரைப் பாய்ச்சல் உண்டு. இந்தியாவில் இப்படியும் ஆடியிருக்கிறார்கள். எச்.ஜே.ஆர். முர்ரே 1913-இல் வெளியிட்ட சதுரங்க வரலாற்று நூல் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் பட்டம் வென்ற பஞ்சாப் வீரர் மீர் சுல்தான் கான் முதலில் கற்றதும் இந்திய முறை ஆட்டம்தான்.

நம் நாட்டிலும் ஒரு தடயம் இருக்கிறது. மலாய் மொழியில் சதுரங்கத்தின் மூலைக் காய்க்கு 'தீர்' என்று பெயர். 'தெர்' என்றும் சொல்வதுண்டு. வேறொன்றுமில்லை, நம்முடைய தேர்தான். காயின் பெயர் அகராதியில் ஏறிவிட்டது. விதிகள்தான் பெரியப்பா போன்றவர்களின் தலையில் மட்டும் தங்கிவிட்டன.

அப்போதுதான் பையன் ஒரு செய்தி கொண்டுவந்தான். உலகின் மிக வலுவான சதுரங்க மென்பொருள்களில் ஒன்று ஸ்டாக்ஃபிஷ். பெயருக்குப் பொருள் காய வைத்த மீன். நம் கணக்கில் கருவாடு. 2008-இல் தொடங்கிய இது திறந்தமூல மென்பொருள். அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் தரலாம். அதிலிருந்து ஃபேபியன் ஃபிக்டர் என்பவர் உருவாக்கியது ஃபேரி ஸ்டாக்ஃபிஷ். தாய்லாந்தின் மக்ருக், பர்மாவின் சிட்டுயின், ஜப்பானின் ஷோகி எல்லாம் அதற்குத் தெரியும். ஜார்ஜ்டவுன் அஞ்சடியில் சீனத் தாத்தாக்கள் சத்தம் போட்டு ஆடும் சீனச் சதுரங்கமும் தெரியும்.

"அத்தை, நம்ம தாத்தா ஆட்டத்தையும் இதுல சேர்த்துடலாம்" என்றான்.

பாதி வேலை சுலபமாக முடிந்தது. புதிய ஆட்டத்தின் விதிகளை ஓர் எளிய கோப்பில் எழுதிக் கொடுத்தாலே அந்த மென்பொருள் புரிந்துகொள்கிறது. கோட்டை கட்டுவது இல்லை என்று ஒரு வரி. சிப்பாய்க்கு இரட்டை அடி இல்லை என்று ஒரு வரி. முடிந்தது.

ராஜாதான் படுத்தினார். கம்போடியச் சதுரங்கத்தில் ராஜா தன் முதல் நகர்வில் குதிரைபோல் பாயலாம். அந்த விதி மென்பொருளில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதில் மந்திரியும் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாவும். பெரியப்பாவின் மந்திரி தாவாது. அவருடைய ராஜா முன்பே நகர்ந்திருந்தாலும் பாயலாம். ஆனால் ஒருமுறை ஷா வாங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

இங்கேதான் சிக்கல். ராஜா முன்பு ஷா வாங்கினாரா என்பது பலகையைப் பார்த்தால் தெரியாது. காய்கள் அதே இடங்களில் இருந்தாலும், ஓர் ஆட்டத்தில் பாயலாம், இன்னோர் ஆட்டத்தில் பாய முடியாது. ஆகவே கணினி அதைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கோப்பு போதவில்லை; நிரலையே தொட வேண்டியிருந்தது.

நிரல் என்னால் ஆகாத காரியம். கேள்வி கேட்பதும் பதிவு செய்வதும்தான் என் தொழில். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங்குக்குப் போனேன். பையன் எழுதிக் கொடுத்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

ஷாவில் இருக்கும்போதே பாயலாமா? "கூடாது."

சிப்பாய் கடைசிக் கட்டம் போனால்? "எந்தக் காயோட வரிசையில போய்ச் சேருதோ, அந்தக் காயா மாறும்."

பாயும்போது எதிரியின் காயை வெட்டலாமா?

பெரியப்பா யோசித்தார். "இதுலதான் எனக்கும் உங்கப்பாவுக்கும் எப்பவும் சண்டை. எங்கப்பா ஒரு முடிவு சொன்னாரு. என்ன சொன்னாருன்னு... உங்கப்பாவக் கேட்டா தெரியும்."

அப்பா போய் நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன.

வானொலியில் மௌனம் கொஞ்சம் நீண்டாலும் நாங்கள் பதறிவிடுவோம். அன்று நான் பொத்தானைத் தொடவில்லை. கருவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் நான் இதைக் கேட்டதே இல்லை. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு அண்ணன் தம்பி இருவரும் ஆடியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே இருக்கும் விஷயம்தானே, எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பேன். கணினி கேட்டதால்தான் நானும் கேட்டேன். அதற்கு 'ஏறக்குறைய' என்றால் புரியாது. வெட்டலாம் அல்லது வெட்டக்கூடாது. இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இப்போதைக்கு 'வெட்டக்கூடாது' என்று வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் பையன் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறான்: "தாத்தாவும் சின்னத் தாத்தாவும் இதில் ஒத்துப்போகவில்லை." சிப்பாய் மாறும் விதி இன்னும் முடியவில்லை. முடிந்ததும் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப் போகிறான்.

போன வாரம் முதல் ஆட்டம். பெரியப்பாவுக்கு எதிரே மடிக்கணினி. நடு ஆட்டத்தில் கணினியின் ராஜா, சொல்லாமல் கொள்ளாமல், குதிரைபோல் பாய்ந்து தப்பித்தது.

பெரியப்பா திரையை உற்றுப் பார்த்தார். "இவன் நம்ம வீட்டு ஆளு" என்றார். பிறகு தோற்றும் போனார்.

உங்கள் வீட்டிலும் ஓர் ஆட்டம் இருக்கும். பல்லாங்குழியோ தாயமோ, வேறு எங்கும் இல்லாத ஒரு வீட்டு விதியோடு. இந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமாவது கேட்டு எழுதி வையுங்கள். கணினியில் ஏற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.