விரலுக்குத் தக்க வீக்கம்



விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பர் நம் முன்னோர். ஓவியம் பழகும் பிள்ளைக்குப் பெட்டி வாங்கும்போதும் இதுவே முறை. முதலில் பிள்ளை கையாளும் பொருள்களை மேசைமீது பரப்பிப் பாருங்கள். வேண்டிய அளவை அவையே கூறும்.

வண்ணப் பென்சில்கள் அகன்ற பெட்டிக்குள் உருண்டு மோதினால், வெளியே மரம் முழுமையாயிருக்க, உள்ளே வண்ணத் தண்டு முறிந்துவிடும். பின்னர்ச் சீவச் சீவ முனை உதிரும். குறை தன் கையில்தான் என்றெண்ணிப் பிள்ளை மனந்தளர்ந்து, வரைவதையே விட்டுவிடவும் கூடும். ஆகவே, ஒவ்வொன்றையும் தனித்தனியே செருகிச் சுருட்டி வைக்கும் துணியுறையே பென்சில்களுக்கு ஏற்றது.

தூரிகைகளை ஈரத்தோடு மூடிவைத்தால் பூசணம் பிடிக்கும். மயிர் வளைந்தால் எளிதில் நிமிராது. எனவே தூரிகையினும் நீளமான, காற்றுப் புகும் பெட்டி வேண்டும். அழிக்கும் ரப்பரைக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். சிலவகை ரப்பர் பிளாஸ்டிக்கோடு ஒட்டி அதை இளகச் செய்யும். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அது மடங்காதிருக்கத் தட்டையான தனியுறை நன்று.

வாங்குமுன் பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். தானே தூக்கவும் திறக்கவும் இயலாத பெட்டி, எத்துணை அழகாயினும் அலமாரியிலேயே உறங்கும்.