பாத்டப்பில் மிதந்தால் போதாது
டைவிங் கேமராவுக்கு மிதவையை வீட்டிலேயே செய்யலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் பூல் நூடுலை வெட்டிக் கட்டாதீங்க. மேலே ஜோராக மிதக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. ஃபோம் சுருங்கும், கேமரா கீழே இழுக்கும். மேய்ஸ் ஹில் வீட்டு பாத்டப்பில் பாஸ் ஆனது ஷெல்லி பீச்சிலும் பாஸ் ஆகும்னு நம்புவது, லோக்கல்ஹோஸ்டில் ஓடினதை அப்படியே ப்ரொடக்ஷனில் தள்ளுகிற வேலை.

பன்னிங்ஸில் பிவிசி குழாய் வாங்கி, இரு முனையும் மூடி ஒட்டுங்க. அந்த ஆழத்தில் அதன் பருமன் கிட்டத்தட்ட மாறாது. 100 மில்லிலிட்டர் இடத்தை அடைத்தால் கடல்நீர் சுமார் 102 கிராம் தூக்கும். குழாயின் எடையை அதில் கழிச்சுக்கோங்க.

உடம்பில் போடுகிற பிசிடியை மட்டும் கடையிலேயே வாங்குங்க. மேலே ஏறும்போது விரிகிற காற்றை வெளியே விட அதில் வால்வு இருக்கு.